சூத்திரமா, வரைபடமா, ஆற்றல் கணக்கா? இயற்பியல் வீட்டுப்பாடத்தில் எதை முதலில் எடுப்பது

சிங்கப்பூரில் உயர்நிலை மூன்றில் இயற்பியல் தொடங்கும்போது பெரும்பாலான பிள்ளைகளுக்குக் கருத்து எளிதாகவே புரிந்துவிடுகிறது. முடுக்கம் என்றால் என்ன, வெப்பமும் வெப்பநிலையும் எப்படி வேறுபடுகின்றன என்று கேட்டால் தெளிவாகச் சொல்கிறார்கள். ஆனால் அதே பிள்ளைகளிடம் இயக்கத்தைப் பற்றியோ வெப்பத்தைப் பற்றியோ நான்கு வரிக் கணக்கு ஒன்றைக் கொடுத்தால், முதல் வரியை எழுதுவதற்குள் பேனா நின்றுவிடுகிறது. என் அக்கா மகள் அப்போது கேட்பது எப்போதும் ஒரே கேள்விதான்: "மாமா, இதுக்கு எந்த ஃபார்முலா?" அதற்கு நேராகப் பதில் சொல்லிவிடலாம். ஆனால் சூத்திரத்தைத் தேடுவதுதான் முதல் வேலையா, படம் வரைவதா, ஆற்றலின் வரவு செலவைப் பார்ப்பதா என்பதை முடிவு செய்யாமல் சொல்லும் பதில் அந்த ஒரு கணக்கோடு தீர்ந்துபோகும்.

இந்த வழிகளை ஒப்பிடுவதற்கு எது விரைவானது என்பதை அளவுகோலாகக் கொள்ள எனக்கு மனமில்லை. வீட்டுப்பாடம் செய்யும் பிள்ளை இரவில் தனியாக உட்கார்ந்திருக்கிறது. ஆசிரியர் திருத்தித் தரச் சில நாள்கள் ஆகும். ஆகவே, தவறான பாதையில் போகும்போது "இது தவறு" என்று அந்த வழியே பிள்ளைக்குக் காட்டிக்கொடுக்கிறதா என்பதையே நான் முதலில் பார்ப்பேன். அந்த அளவுகோலில் பார்த்தால் இயக்கக் கணக்குகளுக்கு வரைபடமும், வெப்பக் கணக்குகளுக்குக் கட்டம் கட்டமாகக் கணக்குப் போடுவதும் முதலிடம் பெறுகின்றன என்பது என் முடிவு. சூத்திரம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. அது எப்போது வர வேண்டும் என்பதுதான் கேள்வி.

முதலில் எளிய இயக்கக் கணக்கு ஒன்றைப் பார்ப்போம். எம்ஆர்டி ரயில் ஒன்று நிலையத்திலிருந்து புறப்பட்டு, வினாடிக்கு வினாடி 1 மீட்டர் என்ற முடுக்கத்தில் 20 வினாடி செல்கிறது. அடைந்த வேகத்திலேயே 60 வினாடி ஓடுகிறது. பிறகு 25 வினாடியில் சீராக வேகம் குறைந்து அடுத்த நிலையத்தில் நிற்கிறது. இரு நிலையங்களுக்கும் இடையிலான தூரம் என்ன? ரயில் எட்டும் வேகம் வினாடிக்கு 20 மீட்டர், அதாவது மணிக்கு 72 கிலோமீட்டர். கிழக்கு மேற்குத் தடத்தில் ரயில்கள் எட்டும் 80 கிலோமீட்டர் உச்ச வேகத்துக்கு இது கொஞ்சம் கீழே இருப்பதால் எண்கள் நம்பும்படியாகவே உள்ளன.

சூத்திரத்தில் தொடங்கும் பிள்ளை பெரும்பாலும் தொடக்க வேகம் 0, உச்ச வேகம் 20, எனவே சராசரி 10, மொத்த நேரம் 105 வினாடி, தூரம் 1050 மீட்டர் என்று எழுதிவிடுகிறது. ஒவ்வொரு வரியும் பார்வைக்கு ஒழுங்காக இருக்கிறது. தவறு எங்கே நுழைந்தது என்று காட்ட எதுவும் இல்லை. அதே பிள்ளை வேக-நேர வரைபடத்தை வரைந்தால், முதல் 20 வினாடிக்கு ஏறும் கோடு, அடுத்த 60 வினாடிக்குக் கிடைக்கோடு, கடைசி 25 வினாடிக்கு இறங்கும் கோடு என ஒரு சரிவகம் உருவாகிறது. கோட்டுக்குக் கீழுள்ள பரப்பளவே தூரம் என்பதால் 200, 1200, 250 ஆகியவற்றைக் கூட்ட 1650 மீட்டர் வருகிறது. 60-ஐயும் 105-ஐயும் கூட்டிப் பாதியாக்கி 20-ஆல் பெருக்கினாலும் அதே 1650 கிடைக்கும். பயணத்தின் பெரும்பகுதி உச்ச வேகத்திலேயே கழிந்திருப்பது கண்ணுக்குத் தெரிவதால், சராசரியை 10 என்று எழுதக் கை வராது.

சிங்கப்பூரின் உயர்நிலைப் பள்ளிப் பாடத்திட்டமும் இயக்கப் பாடத்தில் வேக-நேர வரைபடத்தையும் அதன் கீழுள்ள பரப்பளவையும் நடுவில் வைக்கிறது. இயக்கச் சமன்பாடுகளை முறையாகத் தருவித்துப் பயன்படுத்துவது தொடக்கக் கல்லூரியில்தான் முழுமையாக வருகிறது. சில துணைப்பாட வகுப்புகளில் அந்தச் சமன்பாடுகளை முன்கூட்டியே கொடுத்துவிடுகிறார்கள். கெட்டிக்காரப் பிள்ளைக்கு அதனால் கெடுதல் இல்லை. ஆனால் பரப்பளவு என்ற எண்ணம் ஊறுவதற்கு முன் சமன்பாடு வந்துவிட்டால், வரைபடம் என்பது தேர்வுக்காக வரையும் அலங்காரமாகிவிடுகிறது. சீராக மாறும் வேகத்தின் தூரத்தை ஒரு வடிவத்தின் பரப்பாகப் பார்க்கலாம் என்பதை 14-ஆம் நூற்றாண்டிலேயே பிரான்ஸின் அறிஞர் நிக்கோல் ஒரெம் வரைந்து காட்டினார். இன்று நாம் எழுதும் இயற்கணிதச் சமன்பாடுகள் உருப்பெற்றது அதற்குப் பின்னர்தான்.

இனி மூன்று வழிகளையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்க்கலாம், ஏனெனில் அவற்றின் குணம் அங்கேதான் பிரிகிறது. 20 மீட்டர் உயரமுள்ள ஒரு பாறையின் விளிம்பிலிருந்து பந்து ஒன்று செங்குத்தாக மேல்நோக்கி வினாடிக்கு 15 மீட்டர் வேகத்தில் எறியப்படுகிறது. எவ்வளவு நேரத்தில், என்ன வேகத்தில் அது தரையில் விழும்? காற்றின் தடையைப் பொருட்படுத்த வேண்டாம். ஈர்ப்பு முடுக்கத்தைப் பாடத்திட்டம் சொல்வதுபோல் 10 என்று கொள்ளலாம். (பிள்ளைகளுக்கு எண் சொல்லும்போது வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்கின் தாழ்வாரத்தை உதாரணமாக்காமல் பாறையைச் சொல்வதே நல்லது. மாடியிலிருந்து பொருள் எறிவது இங்கே சட்டப்படி குற்றம். கணக்கில்கூட அது இயல்பான செயலாகத் தோன்றக் கூடாது.)

சூத்திர வழியில், மேல்நோக்கிய திசையை நேர்க்குறியாகக் கொண்டால் இடப்பெயர்ச்சி −20. எனவே −20 = 15 × நேரம் − 5 × நேரம்² (5 என்பது ஈர்ப்பு முடுக்கத்தில் பாதி). இதைச் சுருக்கினால் நேரம்² − 3 × நேரம் − 4 = 0 என்றாகி, விடைகள் 4, −1 என வருகின்றன. 4 வினாடியை எடுத்துக்கொண்டால் இறுதித் திசைவேகம் 15 − 40 = −25, அதாவது கீழ்நோக்கி வினாடிக்கு 25 மீட்டர். நான்கே வரிகளில் முடிந்துவிட்டது. இந்த வேகம்தான் சூத்திரத்தின் பலம்.

அதன் பலவீனமும் அதே இடத்தில்தான் இருக்கிறது. பிள்ளை குறியைத் தவறவிட்டு 20 = 15 × நேரம் − 5 × நேரம்² என்று எழுதினால் மெய்யெண் விடையே கிடைக்காது. அது நல்ல தவறு, ஏனென்றால் அங்கேயே வழி அடைபட்டுவிடும். ஆனால் 20 = 15 × நேரம் + 5 × நேரம்² என்று எழுதினால் அழகாக 1 வினாடி என்று விடை வரும். முழு எண்ணாக வந்ததால் பிள்ளைக்குச் சந்தேகமே எழாது. உண்மையில் அது பந்தைக் கீழ்நோக்கி அதே வேகத்தில் எறிந்தால் வரும் நேரம். வீட்டுப்பாடத் தாளில் நான் அடிக்கடி காணும் தவறு இதுதான், பார்த்துக் கண்டுபிடிக்க மிகக் கடினமானதும் இதுதான்.

வரைபட வழியில் இருபடிச் சமன்பாடே தேவையில்லை. திசைவேக-நேரக் கோடு 15-இல் தொடங்கி, வினாடிக்கு 10 வீதம் இறங்கி, 1.5 வினாடியில் அச்சைத் தொடுகிறது. அதுவரை உள்ள முக்கோணத்தின் பரப்பு 11.25, பந்து அவ்வளவு மீட்டர் மேலே ஏறியிருக்கிறது. எனவே உச்சியிலிருந்து தரைக்கு 31.25 மீட்டர். அச்சுக்குக் கீழே வரும் முக்கோணத்தின் பரப்பு 31.25 ஆக வேண்டுமானால் அதன் அடிப்பக்கம் 2.5 வினாடி, உயரம் 25. மொத்த நேரம் 1.5 + 2.5 = 4 வினாடி. கோடு அச்சைத் தொடுவதற்கே 1.5 வினாடி ஆகும்போது, மொத்தம் 1 வினாடி என்ற விடை படத்தில் உட்காரவே இடமில்லை. குறித் தவறு நுழையும் வாசலே இங்கு அடைபட்டுவிடுகிறது.

ஆற்றல் வழி மூன்றிலும் சுருக்கமானது. ஒவ்வொரு கிலோகிராமுக்கும் தொடக்கத்தில் இயக்க ஆற்றல் 112.5 ஜூல், தரையோடு ஒப்பிட்ட ஈர்ப்பு நிலையாற்றல் 200 ஜூல், கூட்டினால் 312.5. தரையைத் தொடும்போது அனைத்தும் இயக்க ஆற்றல் என்பதால் வேகத்தின் வர்க்கம் 625, வேகம் 25. பந்தின் நிறை எவ்வளவு என்று கேள்வியில் சொல்லப்படவில்லையே என்று பிள்ளை தடுமாற வேண்டாம். நிறை இருபுறமும் நீங்கிவிடுகிறது. ஆனால் இந்த வழியால் நேரத்தைச் சொல்ல முடியாது. பந்தை மேல்நோக்கி எறிந்தாலும் கீழ்நோக்கி எறிந்தாலும் அது சொல்லும் விடை அதே 25தான். கேள்வியில் நேரமும் திசையும் இல்லாமல், வேகமும் உயரமும் மட்டும் இருந்தால் ஆற்றல் வழிக்கு ஈடில்லை. மற்றக் கணக்குகளில் அதை முதல் வழியாக வைக்காமல், பிற வழியில் வந்த விடையைச் சரிபார்க்கும் இரண்டாவது வழியாக வைப்பதே பொருத்தம். சரிவுகளும் வளைந்த பாதைகளும் வரும் கணக்குகளில் நிலைமை தலைகீழாகும்; அங்கே வரைபடம் சிக்கலாகிவிட, ஆற்றல் கணக்கு முந்திக்கொள்கிறது.

சமன்பாடுகளுக்கு இன்னோர் எல்லையும் உண்டு. முடுக்கம் மாறாதிருக்கும்போதுதான் அவை பொருந்தும் என்பது பாடநூலில் ஒரு வரியாக வந்து போகிறது. பிள்ளைகள் அதை நினைவில் வைப்பதில்லை. 2000 மீட்டர் உயரத்து மேகத்திலிருந்து விழும் மழைத்துளியைச் சமன்பாட்டில் போட்டால் வினாடிக்கு 200 மீட்டர், அதாவது மணிக்கு 720 கிலோமீட்டர் வேகத்தில் அது தலையில் விழ வேண்டும். ஆனால் நம் பருவமழையில் விழும் பெரிய துளிகூட வினாடிக்குச் சுமார் 9 மீட்டருக்கு மேல் வேகம் எடுப்பதில்லை. காற்றின் தடையைக் கணக்கில் சேர்க்காவிட்டால் ஆற்றல் வழியும் இங்கே அதே 200-ஐத்தான் தரும். வரைபடத்தில் மட்டும் கோட்டை வளைத்து, படிப்படியாகக் கிடைநிலைக்குக் கொண்டுவந்து, மேலும் கூடாமல் நிலைத்துவிடும் முற்றுத் திசைவேகத்தைக் காட்ட முடிகிறது.

வெப்பக் கணக்குகளுக்கு வருவோம். இங்கே தேர்வு இரண்டே வழிகளுக்கு இடையில்தான்: இழந்த வெப்பம் = பெற்ற வெப்பம் என்று எல்லாவற்றையும் ஒரே சமன்பாட்டில் எழுதுவது, அல்லது ஒவ்வொரு கட்டத்துக்கும் தனித்தனியாக ஜூல் கணக்குப் பார்ப்பது. 30 டிகிரி செல்சியஸில் உள்ள 200 கிராம் நீரில் 0 டிகிரியில் உள்ள 50 கிராம் பனிக்கட்டியைப் போடுகிறோம் என்று வைத்துக்கொள்வோம். நீரின் தன்வெப்ப ஏற்புத்திறன் கிலோகிராமுக்கு ஒரு டிகிரிக்கு 4200 ஜூல். பனிக்கட்டி உருகும் உள்ளுறை வெப்பம் கிலோகிராமுக்கு 334,000 ஜூல். பாத்திரமும் சுற்றியுள்ள காற்றும் வெப்பம் எதுவும் கொடுக்கவில்லை, எடுக்கவில்லை என்று கொள்ளலாம்.

கட்டக் கணக்கில் முதல் கேள்வி: நீர் 0 டிகிரி வரை குளிர்ந்தால் எவ்வளவு வெப்பத்தை விட்டுக்கொடுக்க முடியும்? 0.2 × 4200 × 30 = 25,200 ஜூல். இரண்டாவது கேள்வி: பனிக்கட்டி முழுவதும் உருக எவ்வளவு வேண்டும்? 0.05 × 334,000 = 16,700 ஜூல். வரவு செலவை விட அதிகம், ஆகவே முழுவதும் உருகும். மீதமுள்ள 8500 ஜூல், இப்போது 250 கிராமாகிவிட்ட மொத்த நீரையும் 0 டிகிரியிலிருந்து சூடாக்குகிறது: 8500-ஐ 1050-ஆல் வகுத்தால் சுமார் 8.1 டிகிரி. ஒரே சமன்பாட்டில் எழுதினாலும் இதே விடை வரும், அதுவும் இரண்டு வரி குறைவாக. இந்தக் கணக்கோடு நிறுத்திவிட்டால் சமன்பாட்டு வழிதான் வென்றது என்று தோன்றும்.

பனிக்கட்டியை 100 கிராமாக மாற்றிப் பாருங்கள். சமன்பாடு 25,200 − 840 × வெப்பநிலை = 33,400 + 420 × வெப்பநிலை என்றாகிறது. தீர்த்தால் இறுதி வெப்பநிலை −6.5 டிகிரி! நீரும் பனிக்கட்டியும் கலந்த குவளை, இரண்டில் குளிர்ந்ததைவிடவும் குளிர்ந்துவிட்டதாக அந்தத் தாள் சொல்கிறது. சமன்பாட்டின் மீது பழியில்லை. பனிக்கட்டி முழுவதும் உருகிவிட்டது என்ற அனுமானத்தைப் பிள்ளை அறியாமலே அதில் எழுதிவிட்டது. கட்டக் கணக்கில் இந்த விபத்து நடக்காது. கையிலிருப்பது 25,200, தேவை 33,400 என்று இரண்டாவது வரியிலேயே பற்றாக்குறை தெரிந்துவிடும். இறுதி வெப்பநிலை 0 டிகிரி. உருகியது 25,200-ஐ 334,000-ஆல் வகுத்தால் வரும் சுமார் 75 கிராம். மீதி 25 கிராம் பனிக்கட்டியாகவே மிதக்கும். உருகும்போது வெப்பம் உள்ளே போய்க்கொண்டே இருக்க, வெப்பநிலை மட்டும் அசையாமல் நிற்கிறது என்ற உண்மையை 1760-களில் ஜோசப் பிளாக் என்ற அறிவியலாளர் ஸ்காட்லாந்தில் அளந்து காட்டும்வரை அறிஞர்களுக்கே அது தெளிவாகவில்லை. பதினைந்து வயதுப் பிள்ளைக்கு அது ஒரே மாலையில் படிந்துவிட வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. ஆகவேதான் ஒவ்வொரு கட்டத்தையும் தனி வரியாக எழுதச் சொல்கிறேன்.

வெப்பத்தில் வரும் மற்றத் தவறுகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். கிராமைக் கிலோகிராமாக மாற்ற மறப்பது, நிமிடத்தை வினாடியாக்க மறப்பது, செல்சியஸைக் கெல்வினாக்கும் 273-ஐ வெப்பநிலை வேறுபாட்டோடும் கூட்டிவிடுவது ஆகியவையே பெரும்பாலும். எந்த வழியைத் தேர்ந்தாலும் இவை வரும்; அலகை ஒவ்வொரு வரியிலும் எழுதினால் பெரும்பாலும் போய்விடும்.

வெப்பமும் இயக்கமும் ஒரே கணக்கில் சந்திக்கும்போது ஆற்றல் வழியைத் தவிர வேறு வழியில்லை. சாங்கி விமான நிலையத்தின் ஜுவல் வளாகத்திலுள்ள உள்ளரங்க நீர்வீழ்ச்சி 40 மீட்டர் உயரம் கொண்டது. விழும் நீரின் நிலையாற்றல் முழுவதும் அந்த நீரையே சூடாக்குவதாகக் கொண்டால், வெப்பநிலை எவ்வளவு உயரும்? ஒரு கிலோகிராமுக்கு 400 ஜூல்; அதை 4200-ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.1 டிகிரி. பிள்ளைகள் இந்த விடையை நம்ப மறுக்கிறார்கள், ஏனென்றால் அவ்வளவு பேரிரைச்சலோடு விழும் நீர் இன்னும் அதிகம் சூடாக வேண்டும் என்று மனம் சொல்கிறது. ஒரு கிலோகிராம் நீரை ஒரு டிகிரி சூடாக்கும் ஆற்றலைக் கொண்டு அதே நீரை 420 மீட்டர் உயரத்துக்குத் தூக்கிவிடலாம் என்பதை இந்தக் கணக்கோடு சேர்த்துச் சொன்னால், வெப்பக் கணக்கில் வரும் எண்கள் ஏன் இவ்வளவு பெரியவை என்பது அவர்களுக்குப் பிடிபடுகிறது. பிறகு இயக்கக் கணக்கில் சில லட்சம் ஜூலோ, வெப்பக் கணக்கில் பத்து ஜூலோ வந்தால் தாங்களே நிறுத்தி யோசிக்கிறார்கள்.

வீட்டிலேயே சரிபார்ப்பது என்ற வழியையும் ஒப்பீட்டில் சேர்க்க வேண்டும். மின்கெண்டியின் அடியில் 2200 வாட் என்றும், உட்புறத்தில் 1.7 லிட்டர் என்றும் குறித்திருந்தால், 28 டிகிரி குழாய் நீர் கொதிக்க 1.7 × 4200 × 72 = 514,080 ஜூல் வேண்டும்; 2200-ஆல் வகுத்தால் சுமார் 234 வினாடி, நான்கு நிமிடத்துக்குச் சற்றுக் குறைவு. பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்க, கைபேசியில் நேரம் குறித்துப் பார்த்தால் உண்மையில் அதைவிடக் கூடுதல் நேரமாகும். கெண்டியின் உடலும் சுற்றியுள்ள காற்றும் மேலெழும் ஆவியும் தங்கள் பங்கை எடுத்துக்கொள்கின்றன. "வெப்ப இழப்பு இல்லை எனக் கொள்க" என்ற வரி கேள்வித்தாளில் ஏன் இருக்கிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்த விளக்கமும் உணர்த்தாது. நேரம் பிடிக்கும் வழிதான். எல்லாக் கணக்குக்கும் செய்ய முடியாது. ஒரு தலைப்புக்கு ஒருமுறை செய்தால் போதும்.

அடுத்து, பிள்ளை சிக்கி நிற்கும்போது யாரிடம் போவது? பழைய தேர்வு வினாக்களின் தொகுப்பான டென் இயர் சீரிஸ் புத்தகத்தின் பின்பக்க விடைகள் கையருகில் இருக்கின்றன, செலவும் குறைவு. ஆனால் அவை பெரும்பாலும் சமன்பாட்டு வடிவிலேயே இருப்பதால், பார்த்த மாத்திரத்தில் "புரிந்துவிட்டது" என்ற பொய்யான நிறைவு வந்துவிடுகிறது. செயற்கை நுண்ணறிவுச் செயலிகளிடம் கேட்டாலும் இதே ஆபத்து உண்டு, கூடுதலாக அவை சில வேளைகளில் தவறையும் நம்பிக்கையோடு சொல்லும். இரண்டையும் பயன்படுத்தலாம், ஒரு நிபந்தனையோடு: பிள்ளை முதலில் படத்தையோ கட்டக் கணக்கையோ தன் கையால் எழுதி, எந்த வரியில் நின்றது என்பதைச் சுட்டிக்காட்ட வேண்டும். அந்த ஒரு வரிக்கு மட்டும் உதவி கேட்பதும் முழு விடையைக் கேட்பதும் ஒன்றல்ல.

துணைப்பாட வகுப்பில் பலன் இருக்கிறதா என்பது ஆசிரியர் பிள்ளையின் தாளைப் பார்க்கிறாரா என்பதைப் பொறுத்தது. வெண்பலகையில் பத்துக் கணக்குகளைத் தீர்த்துக் காட்டும் வகுப்பைவிட, பிள்ளை போட்ட மூன்று கணக்குகளில் எங்கே குறி மாறியது என்று காட்டும் வகுப்பு மேல். கட்டணம் தாங்க முடியாத குடும்பங்கள், சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டா குறைந்த கட்டணத்தில் நடத்தும் வகுப்புகளை விசாரித்துப் பார்க்கலாம். பள்ளி ஆசிரியரிடமே வகுப்பு முடிந்தபின் கேட்பது செலவில்லாத வழி. வெட்கத்தால் பல பிள்ளைகள் அதைத் தவிர்க்கிறார்கள், பெற்றோர் ஒரு வார்த்தை சொல்லி அனுப்பினால் போவார்கள்.

தொடக்கக் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளுக்கு இந்த வரிசை ஓரளவு மாறும். அங்கே இயக்கச் சமன்பாடுகள் சரளமாகக் கைவர வேண்டும், ஈர்ப்பு முடுக்கம் 9.81 ஆகிவிடும், எண்கள் அழகாக வராது. அப்போதும் சமன்பாட்டை எழுதுவதற்கு முன் திசையைக் குறிக்கும் ஓர் அம்பையும் ஒரு சிறு கோட்டுப் படத்தையும் தாளின் ஓரத்தில் வரைந்துகொள்வது நேர விரயமல்ல. பல்தேர்வு வினாக்களில் மட்டும் நேராகச் சமன்பாட்டுக்குப் போகலாம், ஏனெனில் அங்கே ஒரு வினாவுக்கு ஒன்றிரண்டு நிமிடத்துக்கு மேல் கிடைப்பதில்லை.

துணைப்பாட வகுப்பில் சேர்ப்பதா வேண்டாமா என்று இன்னும் தயங்கும் பெற்றோர், பணம் கட்டுவதற்கு முன் மேலே சொன்ன 100 கிராம் பனிக்கட்டிக் கணக்கைப் பிள்ளையிடம் கொடுத்து, உதவி செய்யாமல் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள். −6.5 என்று வந்ததும் பிள்ளை பேனாவை நிறுத்தி, "இப்படி வரக் கூடாதே" என்று சொன்னால், இந்த இரண்டு பாடங்களுக்காக வகுப்பு தேவையில்லை. பயிற்சியும் நேரமும் போதும். விடையின் கீழே இரண்டு கோடு போட்டுவிட்டு அடுத்த கணக்குக்குப் போனால், வாரம் ஒருமுறையாவது தாளை வரிவரியாகப் பார்க்கும் ஒருவர் அந்தப் பிள்ளைக்குத் தேவை. அவர் துணைப்பாட ஆசிரியராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. தொடக்கக் கல்லூரியில் படிக்கும் அண்ணனோ அக்காவோ கூட அதைச் செய்யலாம்.